ஐந்து வருடம் காத்திருந்த சருகுமான்

'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' என்ற குறும்படம் 1978இல் பிலிம் நெகாரா மலேசியாவில் தயாரானது. மலேசியாவின் முதல் அனிமேஷன் படம் என்று வரலாற்றுக் குறிப்புகள் இதைத்தான் சொல்கின்றன. மக்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது 1983இல். கையால் வரைந்து, வண்ணம் தீட்டி, ஒவ்வொரு சட்டகமாகப் படம்பிடித்த ஒரு சருகுமான் ஐந்து வருடம் வெளியே வராமல் கிடந்திருக்கிறது.

அதை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். பிலிம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராக இருந்தவர்.

இந்தப் பெயரை நான் முதல்முறை படித்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அதுவரைக்கும் மலேசிய அனிமேஷன் என்றால் எனக்கு உப்பின் இப்பின்தான். அதற்கு முன்னால் என்றால் கெலுவாங் மேன், ஊசோப் சொந்தோரியான். அதற்கும் முன்னால் ஒரு தொடக்கம் இருந்தது, தொடங்கியவர் பெயர் நம்ம பக்கத்து வீட்டு அங்கிள் பெயர் மாதிரி இருக்கும் என்று தமிழ்ப்பள்ளியில் யாரும் சொல்லவில்லை. இடைநிலைப்பள்ளியிலும் சொல்லவில்லை. அனிமேஷன் படிப்பதற்கென்றே காசு கட்டிச் சேர்ந்த கல்லூரியிலும் சொல்லவில்லை. அங்கே முதல் வாரமே வால்ட் டிஸ்னி பிறந்த ஊர் எங்களுக்கு மனப்பாடம்.

கையால் வரைந்த அனிமேஷனைக் கணினி எப்படி மாற்றியது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். பென்சிலும் தூரிகையும் ஒரு காலத்தில் கோலோச்சின; கணினி வந்தது; கை தோற்றது. இது ஹாலிவுட்டின் கதை. அந்த ஊருக்கு ஓரளவு பொருந்தும். அதையே நம் நாட்டுக்குப் போட்டுப் பார்த்தால் அளவு சரியாக வராத சட்டை மாதிரி இருக்கிறது. இங்கே கணினி வந்து கையைத் துரத்தவில்லை. கைக்கு உட்கார ஒரு மேசை கிடைப்பதற்குள் கணினி வந்துவிட்டது. இந்த வித்தியாசம் சின்னதில்லை. இதனால் நாம் இழந்தது எது, இழக்காதது எது என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்த்துவிடலாம்.

திரைப்படச் சுருளில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 ஓவியம் போதும். நிமிடத்துக்கு 720. ஏழு நிமிடப் படத்துக்கு 5,040. இது ஒரே ஓர் உருவத்துக்கான கணக்கு. சருகுமானோடு ஒரு முதலையும் சேர்ந்து நடந்தால் கணக்கும் கூடும்.

தாளில் துளைகள் இருக்கும். மேசையில் அந்தத் துளைக்குப் பொருந்தும் முளைகள். மேசையின் அடியில் விளக்கு. ஒரு தாளின்மேல் இன்னொரு தாளைப் போட்டால் கீழே உள்ள கோடு தெரியும். மூத்த ஓவியர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார்: மான் குனிகிறது, மான் தாவிவிட்டது. குனிந்ததற்கும் தாவியதற்கும் நடுவில் உள்ள ஓவியங்களை ஓர் இளையவர் வரைவார். அப்புறம் ஒருவர் கோட்டைச் சுத்தமாக்குவார். அப்புறம் ஒருவர் அந்தக் கோட்டைச் செல் என்கிற ஒளி ஊடுருவும் அசிடேட் தாளில் மையால் நகலெடுப்பார். மை காய்ந்ததும் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கமாக வண்ணம் பூசுவார்கள். முன்பக்கம் பார்க்கும்போது கோடு மேலேயும் நிறம் அடியிலேயும் இருக்கும். தூரிகைத் தடம் தெரியாது. கடைசியில் பின்னணி ஓவியத்தின்மேல் செல்லை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மேலே தொங்கும் கேமராவால் ஒரு சட்டகம், இன்னொரு சட்டகம் என்று எடுப்பார்கள். ஒரு தூசு விழுந்தால் திரையில் அது கல் அளவுக்குத் தெரியும்.

செல் கண்ணாடி மாதிரி இருந்தாலும் முழுக்க வெளிச்சத்தை விடாது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே உள்ள நிறம் மங்கும். அதனால் நாலைந்து அடுக்குக்குமேல் போகமாட்டார்கள். ஒரே சிவப்பை எந்த அடுக்குக்குப் பூசுகிறோம் என்று பார்த்துக் கொஞ்சம் மாற்றிக் கலக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு என் சித்தப்பாவிடம் சொன்னேன். பண்டமாரானில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சாலை தள்ளி இருக்கிறார். கிள்ளான் கடைகளுக்கு முப்பது வருடம் சைன்போர்ட் எழுதியவர். அனிமேஷன் என்ற சொல்லையே பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர், பின்பக்கம் வண்ணம் பூசுகிற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதானேடா நாங்க செஞ்சது! கடைக் கண்ணாடியில எழுதறப்ப உள்ளேருந்துதான் எழுதுவோம். எழுத்த திருப்பிப் போட்டு எழுதணும். மொதல்ல ஓரம், அப்புறம் உள்ள ரொப்பணும். வெளிய நிக்கறவனுக்கு பிரஷ் போன தடமே தெரியக்கூடாது."

எழுத்தை ஸ்டிக்கராக வெட்டித்தரும் இயந்திரமும், அதற்குப் பிறகு பேனர் அச்சடிக்கும் இயந்திரமும் வந்து அவர் தொழிலை முடித்துவைத்தன. அதைப்பற்றி அவருக்குப் பெரிய கோபம் எதுவும் இருந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒன்று மட்டும் சொன்னார். "எனக்கு வேலை கொறஞ்சது பரவால்லடா, வயசாயிருச்சு. எங்கூட நின்னு கோடு போட்டுப் பழகிட்டிருந்த பையனுங்க ரெண்டு பேரு, ஒரே மாசத்துல நின்னுட்டானுங்க. பேக்டரிக்குப் போயிட்டானுங்க. அதுக்கப்புறம் யாருக்குக் கத்துக்குடுக்கறது?"

தொழில்நுட்பம் வரும்போது முதலில் அடிபடுவது உச்சத்தில் இருக்கும் கலைஞன் என்றுதான் நாம் நினைக்கிறோம். சித்தப்பா சொன்னது வேறு. கீழ்ப்படியில் நிற்கிறவன்தான் முதலில் போகிறான். அனிமேஷன் வரலாற்றை இந்தப் பார்வையோடு படித்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

*

அமெரிக்காவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணினிக்கு முன்பே ஓர் இயந்திரம் அங்கே வந்துவிட்டது. டிஸ்னி நிறுவனம் 1961இல் வெளியிட்ட '101 டால்மேஷியன்ஸ்' படத்தில் பென்சில் கோட்டை நேரடியாகச் செல்லுக்கு மாற்ற நகலெடுக்கும் இயந்திர முறையைப் பயன்படுத்தினார்கள். உடம்பெல்லாம் புள்ளியோடு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களைக் கையால் நகலெடுக்க முடியாது இல்லையா? அன்றைக்கு வேலை போனது மையால் நகலெடுத்தவர்களுக்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1937இல் வந்த 'ஸ்னோ ஒயிட்' படத்தின் ஒவ்வொரு கோடும் அவர்கள் கைவழியாக வந்ததுதான். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.

அடுத்தது கணினி. பிக்ஸாரோடு சேர்ந்து டிஸ்னி உருவாக்கிய 'கேப்ஸ்' என்ற அமைப்பு 1989இல் 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் கடைசிக் காட்சியில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1990இல் 'தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' முழுப்படமும் அதில் வண்ணம் தீட்டப்பட்டது. தாளில் வரைந்ததை ஸ்கேன் செய்து, நிறத்தைத் திரையில் நிரப்பி, அடுக்குகளைக் கணினியிலேயே சேர்த்தார்கள். நாலைந்து அடுக்கு என்ற வரம்பு போனது. நிறம் மங்குவது போனது. தூசு போனது. செல்லும் போனது. வண்ணம் பூசியவர்கள் போனார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான். இவ்வளவு நடந்தும் வரைகிறவர் மேசை அப்படியே இருந்தது. அவர் அதே தாளில், அதே பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். அந்த மேசையை ஆட்டியது 1995இல் வந்த 'டாய் ஸ்டோரி'யின் வெற்றி. கணினிக்குள் பொம்மையைக் கட்டி அசைக்கும் முப்பரிமாணப் படங்கள் வசூல் செய்யத் தொடங்கியதும் முதலாளிகளின் கணக்கு மாறியது. டிஸ்னியின் ஓர்லாண்டோ ஸ்டூடியோ 2004இல் மூடப்பட்டது.

ஜப்பானில் அதே கணினி வேறு மாதிரி நுழைந்தது. ஸ்டூடியோ ஜிப்லி 1997இல் 'பிரின்சஸ் மோனோநோகே' படத்தின் சில பகுதிகளுக்குக் கணினியில் வண்ணம் தீட்டியது. 1999இல் 'மை நெய்பர்ஸ் தி யமடாஸ்' படத்தை முழுக்கக் கணினியில் தீட்டியது. கையால் வரைவதை விடவில்லை. 'சசாயே-சான்' என்ற தொலைக்காட்சித் தொடர் 2013 வரைக்கும் செல்லில் வண்ணம் பூசிக்கொண்டிருந்தது. இயந்திரம் ஒன்றுதான். எதை அதனிடம் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள்.

*

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

பிலிம் நெகாராவின் வேர் 1946இல் காலனி அரசு தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட். செய்திப் படம், விளக்கப் படம், பிரச்சாரப் படம் என்று அரசாங்கத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொடுப்பது அதன் வேலை. அங்கே இருந்த ஓவியர்கள் சுவரொட்டியும் எழுத்துத் தலைப்பும் வரைந்து பழகியவர்கள். அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்துக்குள்ளிருந்துதான் சருகுமான் வந்தது. கதையைத் தேர்ந்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய மிருகங்களைப் புத்தியால் ஏமாற்றிப் பிழைக்கும் சாங் கஞ்சிலை இந்நாட்டில் தெரியாத பிள்ளை கிடையாது. பிற்காலத்தில் நாம் ஓட்டித் தேய்த்த கஞ்சில் காடியின் பெயரும் அதுதான்.

1983இல் படம் ஒளிபரப்பான பிறகு பிலிம் நெகாரா இன்னும் சில குறும்படங்களைச் செய்தது. 'சாங் கஞ்சில் டான் மோன்யெட்' 1984இல் வந்தது. காகம், முயல், சிங்கம் என்று 1980களின் நடுவில் ஒவ்வொன்றாக வந்தன. 'சாங் கஞ்சில் டான் புவாயா' 1987இல். எல்லாம் குறும்படங்கள். இந்தப் படங்களோடு சேர்ந்து வளர்ந்தவர் ஹசான் முத்தாலிப். மலேசிய அனிமேஷனின் தந்தை என்று இன்று அழைக்கப்படுகிறவர். தானாகவே கற்றுக்கொண்டவர்.

1990களின் நடுவில் நிலைமை மாறியது. கார்ட்டூனிஸ்ட் ஊஜாங்கின் பாத்திரங்களை வைத்துக் கம்ன் இஸ்மாயில் தயாரித்த 'ஊசோப் சொந்தோரியான்' ஆர்டிஎம்மில் தொடராக வந்தது. லாட்டின் 'கம்போங் பாய்' 26 பகுதிகளாகத் தயாரானது. அதில் ஒரு பகுதி 1999இல் பிரான்சின் அன்னெசி விழாவில் பரிசு வாங்கியது. 1996இல் அரசாங்கம் மல்டிமீடியா சூப்பர் காரிடாரை அறிவித்தது. ஊரெல்லாம் மல்டிமீடியா என்ற பேச்சு. 1998இல் ஹசான் முத்தாலிப் இயக்கிய 'சீலாட் லகேண்டா' திரையரங்குக்கு வந்தது. ஹங் துவாவையும் அவர் நான்கு தோழர்களையும் வேராகக் கொண்ட கதை. மலேசியாவின் முதல் முழுநீள டிஜிட்டல் அனிமேஷன் படம் அதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிஸ்னியின் முதல் முழுநீளப் படம் 1937. முழுக்கக் கணினியில் வண்ணம் தீட்டிய முதல் படம் 1990. நடுவில் 53 வருடம். அந்த 53 வருடத்தில் தாத்தா, அப்பன், மகன் என்று மூன்று தலைமுறை ஓவியர்கள் ஒரே கட்டடத்தில் வரைந்திருக்க முடியும். இரண்டு மூத்த டிஸ்னி ஓவியர்கள், பிராங்க் தாமஸும் ஓலி ஜான்ஸ்டனும், தாங்கள் கற்ற எல்லாவற்றையும் 1981இல் ஒரு தடித்த புத்தகமாக எழுதிவைத்தார்கள். இன்று கணினியில் பொம்மையை அசைக்கிற பிள்ளையும் அதிலிருந்துதான் பாடம் படிக்கிறது.

நமக்கு? கையால் வரைந்த முதல் குறும்படம் 1978. முதல் டிஜிட்டல் முழுநீளப் படம் 1998. இருபதே வருடம். அதிலும் ஐந்து வருடம் டப்பாவுக்குள். கையால் மட்டுமே செய்த முழுநீளப் படம் ஒன்றுகூட நம் நாட்டில் வருவதற்குள் அடுத்த யுகம் வந்துவிட்டது. பிலிம் நெகாராவில் குறும்படம் வரைந்த அதே ஹசான் முத்தாலிப்தான் டிஜிட்டல் படத்தையும் இயக்கினார். அவரேதான் உட்கார்ந்து மலேசிய அனிமேஷனின் வரலாற்றையும் எழுத வேண்டியிருந்தது. மற்ற நாடுகளில் பல பேர் பங்கிட்டுச் செய்ததை இங்கே ஒரு மனிதர் தன் ஒரே ஆயுளில் சுமந்திருக்கிறார். அவரைப் பாராட்டும்போதே இந்தத் தனிமையும் நம்மை உறுத்த வேண்டும்.

இந்தியாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் தெரியும். பம்பாயின் பிலிம்ஸ் டிவிஷனும் அரசு நிறுவனம்தான். 1956இல் அங்கே கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுத்தார். அந்தப் பயிற்சியில் உருவானவர் ராம் மோகன். பிறகு வெளியே வந்து சொந்த நிறுவனம் வைத்தார். ஜப்பானியர்களோடு சேர்ந்து ராமாயணத்தை முழுநீள அனிமேஷனாக எடுத்தார். நம் வீடுகளில் வீடியோ கேசட் தேயத் தேயப் பார்த்த 'ராஜா சின்ன ரோஜா' ஞாபகம் இருக்கிறதா? 1989 ரஜினி படம். அந்தப் பாட்டில் ரஜினியோடும் பிள்ளைகளோடும் ஆடிய கார்ட்டூன் மிருகங்கள் ராம் மோகனின் வேலை. அரசு அலுவலகத்தில் விழுந்த ஒரு விதை, வெளியே வந்து நிறுவனமாகி, மாணவர்களாகி, கோடம்பாக்கம் வரைக்கும் வேர் விட்டது. நம் ஆனந்தம் சேவியருக்கு அப்படியொரு வரிசை அமையவில்லை. அதற்குக் கணினியைக் குற்றம் சொல்ல முடியாது. 1978இல் படத்தை ஐந்து வருடம் நிறுத்திவைத்தது எந்த மென்பொருளும் இல்லை.

*

கணினி கொடுத்ததையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

2005இல் லெஸ் கோபாக் நிறுவனம் தொடங்கியபோது அதில் இருந்த இளைஞர்கள் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவர்கள். 2007 ரமலான் மாதத்துக்காக அவர்கள் செய்த சிறு தொடர்தான் 'உப்பின் இப்பின்'. 2009இல் அதே நிறுவனத்தின் 'கெங்' நாட்டின் முதல் முப்பரிமாண முழுநீளப் படமாக வந்தது. 2011இல் 'போபோய்போய்', 2016இல் 'ஏஜென் அலி'. பண்டமாரானிலிருந்து அரை மணி நேரம் காடி ஓட்டினால் ஷா ஆலாம். அங்கே வரைந்த இரண்டு மொட்டைப் பையன்களை இந்தோனேசியா முழுக்கத் தெரியும்.

கையால் வரையும் முறையில் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். காரணம் எளிது. கைவரைவில் ஒவ்வொரு பகுதியும் வெற்றுத் தாளிலிருந்து தொடங்க வேண்டும். நேற்று வரைந்த ஐயாயிரம் ஓவியம் இன்றைக்கு உதவாது. முப்பரிமாணத்தில் ஓர் உருவத்தை ஒருமுறை கட்டி, எலும்பும் மூட்டும் பொருத்திவிட்டால் நூறாவது பகுதியிலும் அதே பையன் வருவான். கம்போங் டூரியான் ருந்தூவின் வீடும் மரமும் அப்படியே இருக்கும். செல், வண்ணம், கேமரா, சுருள், அதைக் கழுவும் கூடம் என்ற செலவெல்லாம் போய்விட்டது. சின்ன நாடு, சின்னச் சந்தை, சில இளைஞர்கள் என்ற நிலையில் கணினிதான் கதவைத் திறந்தது. கையை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் வருடத்துக்கு ஒரு சருகுமான் என்றுதான் இருந்திருப்போம்.

அந்தக் கதவு வழியாக நாமும் உள்ளே போனோம். எப்படிப் போனோம் என்பதுதான் கேள்வி. உப்பின் இப்பினில் கடை வைத்திருக்கும் அங்கிள் மூத்து. அவரோடு மாடு வளர்க்கும் ராஜூ. போபோய்போயில் பயந்தாங்கொள்ளியும் சாப்பாட்டுப் பிரியனுமான கோபால். பொருள்களைத் தின்பண்டமாக மாற்றும் சக்தி அவனுக்கு. என் அக்கா மகனுக்குக் கோபால் என்றால் உயிர். எனக்கும் அவன்மேல் வெறுப்பில்லை. டிவியில் நம்ம முகம் வருகிறதே என்று அம்மா சிரிப்பார். ஆனாலும் அரசாங்க மேசையில் ஆனந்தம் சேவியர் தூரிகை பிடித்திருந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு இதைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. தொடக்கத்தில் நாம் வரைகிற பக்கத்தில் இருந்திருக்கிறோம். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் வரையப்பட்ட பக்கம் மட்டும்.

இன்றைய ஸ்டூடியோக்களில் நம் ஆட்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள். வெளிச்சம் அமைக்கிறார்கள், எலும்பு பொருத்துகிறார்கள், அசைக்கிறார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது பாருங்கள், தெரியும். ஆனால் நாம் பார்ப்பதில்லை. கைபேசியில் பார்த்தால் பெயர் ஓட ஆரம்பித்ததுமே அடுத்த பகுதி தானாக வந்து நிற்கிறது.

*

கணினி யுகத்தில் ஞாபகத்துக்கு வந்திருக்கும் ஆபத்து இன்னொன்று. செல்லாவது மிஞ்சும். கழுவித் திரும்பப் பயன்படுத்தியது போக மிச்சமிருந்ததை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். கோப்பு அப்படி மிஞ்சாது. 1998இல் 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துகொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. காப்புப் பிரதியும் சரியில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற பெண்ணின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது. பிக்ஸாருக்கே இந்த நிலை. மூடிப்போன ஒரு சின்ன ஸ்டூடியோவின் வன்தட்டு யார் வீட்டு அலமாரியில் இருக்கும்? அதைத் திறக்கும் மென்பொருள் இன்று எதில் ஓடும்?

மூன்றாவது ஆபத்துதான் எனக்குச் சித்தப்பாவை ஞாபகப்படுத்துவது. மேலே சொன்ன வரிசையில் இடைநிலை ஓவியம் வரைகிற இளையவர் ஒருவர் இருந்தார். குனிந்த மானுக்கும் தாவிய மானுக்கும் நடுவில் உள்ளதை வரைகிறவர். சலிப்பான வேலை, குறைந்த சம்பளம். ஆனால் மூத்தவர் கோட்டின்மேல் தன் தாளைப் போட்டு, அவர் எங்கே வேகம் வைத்தார், எங்கே நிறுத்தினார் என்று விரலாலேயே கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். ராம் மோகனைப் போன்றவர்கள் அந்தப் படியில் ஏறித்தான் மேலே போனார்கள். முப்பரிமாணத்தில் இரண்டு நிலைக்கு நடுவில் உள்ளதைக் கணினி தானே கணக்கிட்டு நிரப்பிவிடும். அது சரியாக இருக்கிறதா என்று திருத்துகிற வேலை மனிதனுக்கு மிச்சம் இருந்தது. இப்போது அந்தத் திருத்தத்தையும் செயற்கை நுண்ணறிவு செய்யும் என்கிறார்கள்.

2023 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் ஜப்பான் 'தி டாக் அண்ட் தி பாய்' என்று ஒரு குறும்படம் வெளியிட்டது. பின்னணி ஓவியங்களைச் செயற்கை நுண்ணறிவை வைத்து உருவாக்கினார்கள். கடைசியில் பெயர் ஓடும்போது பின்னணி ஓவியர் என்ற இடத்தில் செயற்கை நுண்ணறிவும் மனிதனும் என்று போட்டார்கள். அந்த மனிதனுக்குப் பெயர் இல்லை. உலகமெங்கும் கலைஞர்கள் கோபப்பட்டார்கள். 'ஸ்னோ ஒயிட்' படத்தில் கோடு போட்ட பெண்களுக்கு நடந்ததேதான். 86 வருட இடைவெளியில் மை போய் மென்பொருள் வந்தது. பெயரில்லாத ஆள் மட்டும் அப்படியே இருக்கிறார்.

ஆக, கையா கணினியா என்ற சண்டையில் எனக்கு இப்போது ஆர்வம் குறைந்துவிட்டது. கை எங்கும் போகவில்லை. ஜிப்லி பயன்படுத்திய 'டூன்ஸ்' மென்பொருளின் ஒரு வடிவம் 2016இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பலகையும் பேனாவும் வாங்கினால் கிள்ளானில் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு பெண்பிள்ளை தனியாளாகச் சருகுமானை வரைந்து முடித்துவிடலாம். ஆனந்தம் சேவியர் காத்திருந்த மாதிரி ஒளிபரப்புக்காக ஐந்து வருடம் காத்திருக்கவும் வேண்டியதில்லை, அன்றைக்கே போட்டுவிடலாம். அவளுக்கு இல்லாதது இரண்டு: பக்கத்தில் நின்று கோட்டைத் திருத்தும் ஒரு மூத்த கை; தனக்கு முன்னால் இதைச் செய்தவர் யார் என்ற தகவல்.

முதலாவதைச் சந்தை கொடுக்காது. பட்டறைகள் வைத்து, பழைய ஓவியர்களைக் கூப்பிட்டு, நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டாவதற்குச் செலவே இல்லை. தமிழ்ப்பள்ளிகளில் தோட்டத்துக்குப் போன வரலாறு, கோயில் கட்டிய வரலாறு, சங்கம் தொடங்கிய வரலாறு எல்லாம் ஏதோ ஒரு வகையில் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. வரைந்தவர்கள் வரலாறு போகவில்லை. 1978, பிலிம் நெகாரா, ஆனந்தம் சேவியர், ஹிக்காயாட் சாங் கஞ்சில் என்று ஒரே ஒரு வாக்கியம் ஓவியப் பாடத்தில் சேர்ந்தால் போதும். அடுத்த வகுப்பில் எவனோ ஒருவன் கோபாலை வரைவதை நிறுத்திவிட்டு, கோபாலை யார் வரைந்தார்கள் என்று கேட்பான்.

பிலிம் நெகாராவிலோ 1990களின் ஸ்டூடியோக்களிலோ தூரிகை பிடித்தவர்கள், மை பூசியவர்கள், இடைநிலை ஓவியம் வரைந்தவர்கள் நம் குடும்பங்களில் யாராவது இருக்கிறார்களா என்று நான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிள்ளானில் தொடங்கியிருக்கிறேன். அடுத்தது பிரிக்பீல்ட்ஸ். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ அத்தையோ இருந்தால், அவர்கள் வைத்திருக்கும் பழைய தாளைத் தயவுசெய்து பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் பெயரைக் கேட்டு, வருடத்தையும் கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.